காரின் சி.வி. ஜாயிண்ட்டை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்ற, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் சிறு கார்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சி.வி. ஜாயிண்ட் என்பது கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டில், வளைந்தாலும் வேகம் மாறாமல் சுழலும் (constant velocity) மூட்டு. சக்கரத்தை ஒட்டியிருக்கும் வெளிப்பக்க ஜாயிண்ட்தான் பெரும்பாலும் முதலில் தேய்கிறது என்பதால் அதைப் பற்றியே விரிவாகப் பேசுகிறேன். ஸ்டெப்னி மாற்றுவதைத் தாண்டி, பிரேக் பேடு மாற்றுவது வரையாவது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது எட்டக்கூடிய வேலை.

சி.வி. ஜாயிண்ட் என்ன வேலை செய்கிறது? அம்பாசடரில் இல்லாத இது இந்தக் கார்களில் மட்டும் ஏன் இருக்கிறது?

அம்பாசடரிலும் பத்மினியிலும் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளின. எஞ்சினிலிருந்து பின்னால் போகும் நீண்ட ஷாஃப்ட்டில், மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்று சொல்லும் சிலுவை வடிவ ஜாயிண்ட் போதுமானதாக இருந்தது. ஏனென்றால் அங்கே ஷாஃப்ட் வளையும் கோணம் சிறியது. முன்சக்கரமோ இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். 30 டிகிரி வளைந்த நிலையில் ஒரே ஒரு கிராஸ் ஜாயிண்ட்டை வைத்தால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் சுமார் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையில் இருக்கும். திருப்பத்தில் ஸ்டியரிங் கையில் உதறுவதற்கு அதுவே போதும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்த வடிவத்தை 1920களில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ஷெப்பா உருவாக்கினார். ஒரு கப், அதற்குள் ஒரு சிறிய உள்வளையம், இரண்டிலும் வெட்டப்பட்ட ஆறு வளைந்த தடங்கள், அந்தத் தடங்களில் ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகளைப் பிடித்து வைக்கும் ஒரு கூண்டு ஆகியவையே அதன் உறுப்புகள். ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் நிற்பதால் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். 1959இல் பிரிட்டனில் வந்த மினி கார் இதைச் சிறு கார்களுக்குப் பரவலாக்கியது. நம் சாலைகளில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அந்த வேலையைச் செய்தது.

என் வண்டியில் வரும் சத்தம் சி.வி. ஜாயிண்ட்டின் சத்தம்தானா?

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போது ‘டக் டக் டக்’ என்று சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் சத்தம் வந்தால் அது வெளிப்பக்க ஜாயிண்ட்டாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. நேராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி பக்கவாட்டில் அதிர்ந்து, காலை எடுத்ததும் அதிர்வு அடங்கினால் கியர் பாக்ஸ் பக்கமுள்ள உள் ஜாயிண்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ‘ஊம்’ என்ற முழக்கம் வீல் பேரிங்கினுடையது. வேகத்தடையிலும் பள்ளத்திலும் மட்டும் வரும் ‘கடக்’ என்ற ஒலி பால் ஜாயிண்ட், புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் போன்ற சஸ்பென்ஷன் பாகங்களிலிருந்து வருவது. இந்த வேறுபாடுகளைக் காதில் நன்றாக வாங்கிக்கொள்ளாமல் பாகம் வாங்கக் கிளம்ப வேண்டாம். நல்ல ஜாயிண்ட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டு, பழைய சத்தத்தோடு வீடு திரும்புகிறவர்கள் பலர்.

இடமா வலமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆள் நடமாட்டம் இல்லாத காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள், பிறகு மறுபக்கம், பிறகு ரிவர்ஸிலும் அவ்வாறே. பொதுவாக இடப்பக்கம் திரும்பும்போது வலது ஜாயிண்ட்டும், வலப்பக்கம் திரும்பும்போது இடது ஜாயிண்ட்டும் சத்தமிடும் என்பார்கள். இது பெரும்பாலும் பொருந்தினாலும் எப்போதும் பொருந்துவதில்லை. ஆகவே வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் (பூட், boot) நிலையைப் பார்த்தும், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் முறுக்கிப் பார்த்தும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் முறுக்கும்போது மட்டும் தளர்வும் மெல்லிய ‘கிளிக்’ ஒலியும் தெரியும்.

பூட் மட்டும் கிழிந்திருக்கிறது, சத்தம் எதுவும் இல்லை. ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டுமா?

வேண்டாம், ஆனால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: ஜாயிண்ட் தானாகத் தேய்வது அரிது, கிழிந்த பூட்தான் அதைத் தேய வைக்கிறது. மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பர் உறை வெடித்தால், சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும். சக்கர ரிம்மின் உட்பக்கத்திலும், சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மிலும் கறுப்பாக, கோடு கோடாக அது ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதே வழியில் மழைநீரும் மணலும் உள்ளே போகும்.

பூட்டை வெட்டிவிட்டு உள்ளிருக்கும் கிரீஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாகக் கறுப்பாகவே இருந்தால் ஜாயிண்ட்டைக் கழுவி, காயவைத்து, புதிய கிரீஸும் புதிய பூட்டும் போட்டால் போதும். நறநறவென்று மணல் தட்டுப்பட்டாலோ, நீர் கலந்து சாம்பல் நிறமாகக் குழம்பியிருந்தாலோ, ஒவ்வொரு குண்டாக வெளியே தெரியும்படி உள்வளையத்தைச் சாய்த்து, தடங்களை நன்றாகத் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்கள். நல்ல தடம் பளபளப்பாக, ஒரே சீராக இருக்கும். தேய்ந்த தடத்தில், வண்டி நேராக ஓடும்போது குண்டு நிற்கும் இடத்தில் சிறு குழி விழுந்திருக்கும்; நகம் அதில் இடறும். அப்படி இடறினால் புதிய கிரீஸ் சில வாரங்களுக்குச் சத்தத்தை மூடி மறைக்குமே தவிர, அந்தக் குழியை நிரப்பாது.

ஷாஃப்ட்டைக் கழற்றாமலே சுற்றி ஒட்டக்கூடிய பிளவுபட்ட பூட்டுகளும் விற்கின்றன. நெடுந்தூரப் பயணத்தின் நடுவே மாட்டிக்கொண்டால் ஊர் வந்து சேர அவை உதவலாம். நிரந்தரமாக விட்டுவைப்பதற்கு அவை ஏற்றவையல்ல.

சத்தத்தோடு எவ்வளவு காலம் ஓட்டலாம்?

இதற்கு யாராலும் உறுதியான பதில் தர முடியாது. சில வண்டிகள் மாதக்கணக்கில் ஓடுகின்றன, சில ஒரே திருப்பத்தில் நின்றுவிடுகின்றன. ஜாயிண்ட் முற்றிலும் உடைந்தால் எஞ்சின் ஓடும், கியர் விழும், ஆனால் வண்டி நகராது. இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரென்ஷியல் தன் சுழற்சியை உடைந்த பக்கத்துக்கே கொடுத்துவிடுவதால் மறுபக்கச் சக்கரமும் இழுக்காது. பலர் எண்ணிப் பாராத ஆபத்து இன்னொன்று உண்டு. இதே காரணத்தால், உடைந்த நிலையில் வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும், ஆட்டோமேட்டிக் வண்டியைப் பார்க்கிங் நிலையில் விட்டாலும், அது சரிவில் நிற்காது. ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு வைக்கும் கல்லும்தான் அதைப் பிடித்து நிறுத்தும். மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் சத்தம் தொடங்கியதுமே மாற்றிவிடுவது நல்லது.

ஜாயிண்ட்டை மட்டும் வாங்குவதா, ஆக்ஸிலை முழுதாக வாங்குவதா?

இங்கே ஆக்ஸில் என்பது ஷாஃப்ட்டும் அதன் இரண்டு முனை ஜாயிண்ட்டுகளும் சேர்ந்த முழுத் தொகுதி. முதலில் உங்கள் வண்டியில் வெளிப்பக்க ஜாயிண்ட் ஷாஃப்ட்டிலிருந்து தனியே கழலுமா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் உள்ளே ஒரு சிறு கம்பி லாக் மட்டுமே அதைப் பிடித்திருக்கும். ஓங்கித் தட்டினால் வந்துவிடும். வேறு சில வண்டிகளுக்கான சர்வீஸ் மேனுவலில், வெளிப்பக்க ஜாயிண்ட்டைப் பிரிக்கக் கூடாது, ஷாஃப்ட்டோடு சேர்த்தே மாற்ற வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருப்பார்கள்.

தனியே கழலும் வண்டியில், உள் ஜாயிண்ட்டும் அதன் பூட்டும் நன்றாக இருந்தால் வெளிப்பக்க ஜாயிண்ட்டை மட்டும் மாற்றுவது செலவைக் குறைக்கும், கியர் ஆயிலைத் தொடவும் வேண்டியிருக்காது. உள், வெளி ஜாயிண்ட்டுகள் இரண்டுமே தளர்ந்திருந்தாலோ, ஷாஃப்ட்டின் பற்கள் தேய்ந்திருந்தாலோ முழு ஆக்ஸிலே சரி. சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய ஆக்ஸில்கள் கிடைக்கின்றன. பூட்டைத் திறந்து தடத்தைப் பார்க்க அனுமதித்தால் மட்டுமே வாங்குங்கள். வெளியே பெயிண்ட் அடித்துப் புதிய பூட் போட்டிருப்பது உள்ளே இருப்பதைப் பற்றி எதையும் சொல்லாது.

கடையில் வாங்கும்போது எதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்?

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டும், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் அமைப்பு) இருப்பதற்கும் இல்லாததற்கும் ஜாயிண்ட் மாறியிருக்கலாம். சக்கரம் பொருந்தும் மையப் பாகமான ஹப்புக்குள் போகும் பற்களின் எண்ணிக்கை, ஷாஃப்ட் நுழையும் உட்பற்களின் எண்ணிக்கை, நுனியில் மாட்டும் ஆக்ஸில் நட்டின் மரை அளவு, கப்பின் மேல் ஏ.பி.எஸ். சென்சாருக்கான பல்வளையம் இருந்தால் அதன் பற்கள் ஆகிய அனைத்தும் ஒத்துப்போக வேண்டும். முடிந்தால் பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். பெட்டிக்குள் பூட், இரண்டு கிளாம்ப், லாக், கிரீஸ் பொட்டலம், புதிய ஆக்ஸில் நட் ஆகியவை இருக்கின்றனவா என்றும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். நட் இல்லையென்றால் தனியாக வாங்கிவிடுங்கள்.

என்னென்ன கருவிகள் தேவைப்படும்?

வீல் ஸ்பேனர், ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் அரை அங்குல ஸ்கொயர் பாக்ஸ் ஸ்பேனர், அதற்கு நீண்ட கைப்பிடி, நட்டுக்குரிய இறுக்கம் வரை அளந்து இறுக்கக்கூடிய டார்க் ரெஞ்ச், நல்ல ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, கனமான சுத்தியல், பித்தளைக் கம்பி அல்லது கெட்டியான மரக்கட்டை, மெல்லிய உளி, லாக் பிளையர், கிளாம்ப்பை இறுக்கும் பிளையர், நீளமான கடப்பாரை, மண்ணெண்ணெய், நிறையப் பழந்துணி, கையுறை. டார்க் ரெஞ்ச்சை வாங்க மனமில்லாதவர்கள் ஒரு நாளுக்குக் கடன் வாங்கியாவது பயன்படுத்த வேண்டும்.

வண்டியை எப்படித் தூக்கி நிறுத்துவது?

சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இரண்டு பின்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்கி நிற்பதற்கு அல்ல. தூக்கியவுடன், சேஸிஸில் அதற்கென்று குறிக்கப்பட்ட இடத்தில் ஸ்டாண்டு வைத்து, வண்டியின் எடை அதன்மேல் இறங்கும்படி ஜாக்கியைச் சற்றுத் தளர்த்துங்கள். செங்கலையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கிவிட்டு அடியில் போவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன். அவை முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கக்கூடியவை. இந்த வேலையில் சுத்தியலால் ஓங்கி அடிக்கவும் கடப்பாரையால் நெம்பவும் வேண்டியிருப்பதால் வண்டி அசையும். ஸ்டாண்டு வைத்த பிறகு, அடியில் கை வைப்பதற்கு முன், வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள்.

ஆக்ஸில் நட் அசையவே மறுக்கிறது. என்ன செய்வது?

இந்த நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். நடுவிலுள்ள மூடியை எடுத்துவிட்டு, நட்டின் விளிம்பு ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் உளியால் மடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; மடக்கியிருந்தால் மெல்லிய உளியால் அதை முழுதாக நிமிர்த்திய பிறகே சுழற்ற வேண்டும். நிமிர்த்தாமல் சுழற்றினால் மரை கிழியும். சில வண்டிகளில் மடிப்புக்குப் பதிலாகப் பிளவு பின் இருக்கும். துருவாக இருந்தால் துரு நீக்கும் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகி, சீராக எடையைக் கொடுங்கள். கால் வைத்து ஏறிக் குதிக்க வேண்டாம். அசைந்ததும் ஒரு சுற்றுக்கு மேல் கழற்றாமல் நிறுத்திவிட்டு, வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை எடுத்த பிறகு முழுதாகக் கழற்றுங்கள்.

ஷாஃப்ட்டை ஹப்பிலிருந்து எப்படி வெளியே எடுப்பது?

ஏ.பி.எஸ். சென்சார் இருந்தால் முதலில் அதைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். பிறகு, லோயர் ஆர்மின் நுனியிலுள்ள பால் ஜாயிண்ட்டின் தண்டை நக்கிளில் (ஹப்பைத் தாங்கி, ஸ்டியரிங்கோடு திரும்பும் பாகம்) இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டை முழுதாக உருவ வேண்டும். தண்டில் உள்ள பள்ளத்தில் அந்த போல்ட் உட்கார்ந்திருப்பதால் வெறுமனே தளர்த்தினால் போதாது. கடப்பாரையால் லோயர் ஆர்மைக் கீழே நெம்பினால் தண்டு கழன்று வரும். சில வண்டிகளில் ஸ்டெபிலைசர் பாரின் பிடிமானத்தையும் கழற்றினால்தான் ஆர்ம் போதுமான அளவு இறங்கும்.

இப்போது நக்கிளை வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே ஷாஃப்ட்டின் நுனியை உள்ளே தள்ள வேண்டும். வராவிட்டால் பழைய நட்டை நுனியோடு சமமாக இருக்கும்படி மாட்டி, அதன்மேல் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். மரையின்மேல் நேரடியாகச் சுத்தியல் பட்டால் நுனி விரிந்து, அதன்பின் எந்த நட்டும் ஏறாது. கழன்ற ஷாஃப்ட்டை அந்தரத்தில் தொங்க விடாதீர்கள். கம்பியால் கட்டித் தாங்குங்கள். ஷாஃப்ட்டைப் பிடித்து வெளியே இழுக்கவும் கூடாது. உள் ஜாயிண்ட்டில் மூன்று உருளைகள் நீண்ட தடங்களில் வழுக்கிச் செல்லும் அமைப்பு இருப்பதால், அதிகம் இழுத்தால் அது தன் கப்பை விட்டு வெளியே வந்து பூட்டுக்குள் கிடக்கும். பிரேக் ஹோஸ் இழுபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜாயிண்ட்டைத் தட்டி எடுப்பது எப்படி?

கிளாம்ப்புகளையும் பூட்டையும் வெட்டி எறிந்து, கிரீஸைத் துணியால் துடைத்து எடுங்கள். உள்வளையத்தின் முகம் தெரியும். விரித்து எடுக்க வேண்டிய லாக் கண்ணுக்குத் தெரிந்தால் பிளையரால் விரித்துக்கொண்டே தட்டுங்கள். எதுவும் தெரியாவிட்டால் ஷாஃப்ட்டின் நுனியில், உள்ளேயே சுருங்கிக்கொள்ளும் கம்பி லாக் இருக்கிறது என்று பொருள். பித்தளைக் கம்பியை உள்வளையத்தின் மேல் வைத்து, ஷாஃப்ட்டுக்கு இணையாக, ஓங்கி ஓர் அடி. தயங்கித் தயங்கித் தட்டும் பத்து அடிகளைவிட நேராக விழும் ஓர் அடியே லாக்கைச் சுருக்கும். கூண்டின்மேல் அடித்துப் பயனில்லை. கழன்று வந்த பிறகு ஷாஃப்ட்டின் பற்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பழைய லாக்கை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள்.

புதியதைப் பொருத்தும்போது எதில் கவனம் தேவை?

வரிசையில். முதலில் சிறிய கிளாம்ப், அடுத்து பூட், அடுத்து பெரிய கிளாம்ப், கடைசியாகத்தான் ஜாயிண்ட். பூட்டை மறந்துவிட்டு ஜாயிண்ட்டை ஏற்றிவிட்டால் மறுபடியும் அடித்துக் கழற்ற வேண்டியிருக்கும். பூட்டை ஏற்றும்போது ஷாஃப்ட்டின் கூரான பற்கள் ரப்பரைக் கீறாதபடி அவற்றின்மேல் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கம்பி லாக்கைப் பள்ளத்தின் நடுவில் நிற்கும்படி வைத்து, பற்களை ஒத்துப் பிடித்து, பழைய நட்டை நுனியில் மாட்டி, மரக்கட்டையால் அடித்து ஏற்றுங்கள். லாக் விழும்போது அடியின் ஒலி மாறுவது காதுக்குத் தெரியும். அதன்பின் ஷாஃப்ட்டை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஜாயிண்ட்டை மட்டும் வெளிப்பக்கம் நன்றாக இழுத்துப் பாருங்கள். அசைந்து வெளியே வந்தால் லாக் விழவில்லை. இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

எந்த கிரீஸ், எவ்வளவு?

பெட்டியோடு வரும் பொட்டலம் முழுவதும். வெளிப்பக்க ஜாயிண்ட்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸே பெரும்பாலும் வரும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இங்கே உதவாது. பாதியைக் குண்டுகளுக்கு இடையே விரலால் அழுத்தித் திணித்து, மீதியைப் பூட்டுக்குள் விடுங்கள். உள் ஜாயிண்ட்டுக்கான கிரீஸ் வேறு வகையாக இருக்கலாம் என்பதால் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கிளாம்ப்புக்குப் பதில் பிளாஸ்டிக் டை போடலாமா?

கூடாது. சூட்டிலும் சுழற்சியிலும் அது தளர்ந்துவிடும். பூட்டின் உதடுகள் கப்பிலும் ஷாஃப்ட்டிலும் உள்ள பள்ளங்களில் சரியாக உட்கார்ந்த பிறகு, சிறிய பக்கத்தில் மெல்லிய மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். உப்பியோ ஒடுங்கியோ இருக்கும் பூட் சீக்கிரம் வெடிக்கும். மடக்கும் வகைக் கிளாம்ப் என்றால், வண்டி முன்னோக்கிப் போகும்போது ஷாஃப்ட் சுழலும் திசைக்கு எதிராக வால் மடங்கும்படி மாட்ட வேண்டும்.

ஆக்ஸில் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

சிறு கார்களில் பெரும்பாலும் 150 முதல் 250 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் சுமார் 196 நியூட்டன் மீட்டர் கிடைக்கும் என்பதிலிருந்து இது எவ்வளவு பெரிய இறுக்கம் என்று புரியும். பல வண்டிகளில் வீல் பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது இந்த நட்தான். அது குறைந்தால் பேரிங் விரைவில் போகும். மிகுந்தால் மரை நீளும். ஆகவே வண்டி இன்னும் ஸ்டாண்டில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை அழுத்த, முழு இறுக்கத்தையும் கொடுத்துவிட்டுப் பிறகு சக்கரத்தைத் தரையில் இறக்குங்கள். நட் இறுக்காத நிலையில் வண்டியை ஓரடிகூட உருட்ட வேண்டாம். இறுக்கிய பிறகு விளிம்பை மழுங்கிய உளியால் பள்ளத்துக்குள் மடக்குங்கள், அல்லது புதிய பிளவு பின்னைப் போடுங்கள். பழைய நட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம். பால் ஜாயிண்ட் போல்ட்டுக்கும் உரிய இறுக்கம் உண்டு, அதையும் மறக்காதீர்கள்.

கியர் ஆயில் ஒழுகுமா? அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா?

மேலே சொன்ன முறையில் ஷாஃப்ட்டின் உள்முனை கியர் பாக்ஸிலேயே இருப்பதால் ஆயில் ஒழுகாது. முழு ஆக்ஸிலை மாற்றினால் முதலில் ஆயிலை வடித்துவிட்டு, ஆக்ஸிலை எடுத்த பிறகு ஆயில் சீலையும் மாற்றி, ஓனர் மேனுவல் சொல்லும் வகை ஆயிலை உரிய அளவுக்கு நிரப்ப வேண்டும். பால் ஜாயிண்ட்டை மட்டும் கழற்றி மாட்டியதால் அலைன்மென்ட் மாறாது. ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தாலோ, டை ராடின் நீளத்தை மாற்றியிருந்தாலோ மட்டும் பார்த்துவிடுங்கள்.

மாற்றிய பிறகும் சத்தம் வருகிறது. ஏன்?

அதே ‘டக் டக்’ என்றால் மறுபக்க ஜாயிண்ட்டும் தேய்ந்திருக்கலாம். புதிதாகத் திருப்பத்தில் ஒரே ஒரு ‘கிளிக்’ மட்டும் கேட்டால் ஆக்ஸில் நட்டின் இறுக்கத்தை உடனே சோதியுங்கள். நேராகப் போகும்போது உராயும் ஒலி வந்தால், பிரேக் டிஸ்க்கின் பின்னுள்ள மெல்லிய தகடு வேலையின்போது வளைந்து டிஸ்க்கைத் தொடுகிறதா என்று பாருங்கள்; கையால் நிமிர்த்தினால் சரியாகிவிடும். பிரேக் டிஸ்க்கில் கிரீஸ் பட்டிருந்தால் வண்டியை எடுப்பதற்கு முன்பே பிரேக் கிளீனரால் துடைத்துவிட வேண்டும்.

மாற்றிய பின் எப்போது மறுபடி பார்க்க வேண்டும்?

முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து, கிளாம்ப்பைச் சுற்றிக் கிரீஸ் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னும் நான்கு பூட்டுகளின் மடிப்புகளையும் விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் தொடங்கும்; மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.